உறைபனியில் பூக்கும் பழச்செடி

ஆப்பிள் மரம் பூத்து நிற்கும்போது ஒரே ஓர் இரவு வெப்பநிலை மைனஸ் 4 டிகிரிக்கு இறங்கினால் போதும். பூக்களில் பெரும்பகுதி கருகிவிடும். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரியைத் தொடும் கனடாவின் சஸ்கச்சுவான் சமவெளியில், வசந்தம் வந்த பிறகும் இத்தகைய இரவுகள் உண்டு. அங்கே ஹாஸ்காப் என்ற புதர்ச்செடியின் பூ, மைனஸ் 7 டிகிரியையும் தாங்கிக் காய் பிடிக்கிறது. ஸ்ட்ராபெர்ரிக்கும் முன்பே அதன் பழம் தயார்.

இது ஹனிசக்கிள் இனம். அந்த இனத்தின் பழங்கள் பலவற்றை வாயில் வைக்கக் கூடாது, ஹாஸ்காப் விதிவிலக்கு. நீள்வடிவம், கருநீலம், மேலே வெண்பொடி படிந்த தோல். பார்வைக்கு ஒரு பழம், பிறப்பால் இரண்டு. ஜோடியாகப் பூக்கும் இரு பூக்களின் சூலகங்களைச் சதைப்பற்றான ஓர் உறை மூடிக்கொள்ள, இரண்டும் ஒரே பழமாகத் திரள்கின்றன.

கிளை நிறையக் காய்ப்பது என்ற பொருளில் ஹாஸ்காப் என்ற பெயரை வைத்தவர்கள் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் வாழும் ஐனு பழங்குடியினர். அங்கே தோமகோமாய் அருகிலுள்ள யூஃபுட்சு சமவெளியில் இச்செடி காடாக வளர்ந்திருந்தது. தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது உள்ளூர்க்காரர்கள் புதர்களை வேரோடு பெயர்த்துத் தங்கள் தோட்டங்களில் நட்டார்கள். அந்த அக்கறைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அழிந்திருக்க வேண்டிய காட்டுச்செடி பயிராகிவிட்டது.

கனடாவில் முன்பு கிடைத்த ரகங்கள் கசந்தன; அழகுக்காகவே வளர்த்தார்கள். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தின் பாப் போர்ஸ், ரஷ்யா, குரில் தீவுகள், ஜப்பான் ஆகிய இடங்களின் வகைகளைத் திரட்டிக் கலப்பினச் சேர்க்கை செய்தார். 2007இல் வந்த டண்ட்ரா, பொரியாலிஸ் ரகங்கள் இதை உண்ணத்தக்க பயிராக நிலைநாட்டின.

ஒரே ரகத்தை மட்டும் நட்டவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மகரந்தத்துக்கு உறவில்லாத வேறொரு ரகம் பக்கத்தில் வேண்டும்; குளிரிலும் பறக்கும் பம்பிள் தேனீ வேண்டும். அடுத்தது பொறுமை. தோல் நீலமானதுமே கை நீள்கிறது. ஆனால் பிய்த்துப் பார்த்தால் உள்ளே இன்னும் பச்சை, நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. சதை முழுக்கச் செந்நீலமாகும்வரை காத்திருக்க வேண்டும். மெழுகிறகுப் பறவைகள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. அதனால் நிறம் மாறத் தொடங்கியதுமே விவசாயிகள் புதர்களின் மேல் வலை விரித்துவிடுகிறார்கள்.