வீட்டுக் கடனும் தவணைக் கணக்கும்

கொட்டாஞ்சேனையிலே நாம் பல்லாண்டுகள் வாடகை வீட்டிற் குடியிருந்தோம். ஜம்பட்டா வீதியின் சந்தடி எமக்குப் பழகிப்போயிற்று. ஆயினும் மாதந்தோறும் வாடகையை எண்ணிக் கொடுக்கும்போது, இப்பணம் சொந்த வீட்டிற்குப் போகலாகாதா என்னும் ஏக்கம் எழாமலில்லை. 2021ஆம் ஆண்டில் வங்கியொன்றிற் கடன்பெற்றுத் தொடர்மாடியிற் சிறு வீடொன்று வாங்கினோம். குடிபுகும் நாளைக் குறிக்க மூன்று சோதிடரிடம் சென்ற நாம், கடன் உடன்படிக்கையை ஒரு முறையேனும் முழுமையாக வாசித்தோமில்லை!

அவ்வுடன்படிக்கையில் 'மாறும் வட்டி' என்றொரு சொல் இருந்தது. 2022 ஏப்பிரில் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகள் உயர்த்திற்று. சிறந்த வாடிக்கையாளரிடம் வங்கிகள் அறவிடும் சராசரி வட்டி, 2021 முடிவில் நூற்றுக்கு 8½ அளவில் இருந்தது, 2022 முடிவில் 27ஐத் தாண்டியது. எமது தவணை ஒன்றரை மடங்காயிற்று. மனைவியாரின் காப்புகள் அடகுக்கடைக்குச் சென்றன. ஆசிரியர் சம்பளம் மட்டும் ஏறவில்லை.

வாசகர்களே, குறிப்பாகக் கணிதம் பயிலும் மாணவர்களே, ஒரு கணக்கைப் பாருங்கள். கடன் 50 இலட்சம் ரூபா, வட்டி நூற்றுக்கு 12, காலம் 20 ஆண்டுகள் என்க. மாதத் தவணை ஏறக்குறைய 55,050 ரூபா. முதல் மாதத்தில் இதில் 50,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் கழிவது 5,050 ரூபா மாத்திரமே. ஆரம்பத்திலேயே வட்டி 14 ஆகிவிடின், மாத வட்டி மட்டும் 58,000 ரூபாவைத் தாண்டும். பழைய தவணையையே கட்டிவந்தாற் கடன் குறையாது, வளரும். காலத்தை நீட்டினாலுந் தீராது. இதையறியாமல், "தவணை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுத் திரும்புவோரே நம்மிற் பலர்.

அதே கடனை 15 ஆண்டில் தீர்ப்பதாயின் தவணை 60,000 ரூபா. மாதம் 5,000 ரூபா அளவு கூடக் கட்டுவதால், மொத்தம் 132 இலட்சத்திலிருந்து 108 இலட்சமாகக் குறைகிறது. வட்டி எத்தனை ஆண்டுகள் நிலையாயிருக்கும், பின்னர் எதனைப் பின்பற்றி மாறும், அதற்கு உச்சவரம்பு உண்டா, முன்கூட்டித் தீர்த்தால் தண்டம் எவ்வளவு என்பனவற்றை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

கடன்தர வணிக வங்கிகள் மாத்திரமன்றி, வீட்டுக் கடனுக்கென்றே எழுந்த நிறுவனங்களும் உண்டு. 1931இல் தோன்றிய அரசாங்க ஈட்டு வங்கியின் வழிவந்ததே அரச ஈட்டு முதலீட்டு வங்கி. ஓரிடத்தில் மட்டும் விசாரித்துவிட்டுக் கையொப்பமிடுதல் தகாது. சீட்டுப் பணத்தை முற்பணத்துக்கு நம்பியிருப்போர், சீட்டு எடுக்கும் மாதம் வரும்வரை விற்பவர் பொறுப்பாரா என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளிற் பலவற்றுக்கு உரிமையாளர் பலர். ஒருவர் கையொப்பம் குறைந்தாலும் வங்கி கடன் தராது. தொடர்மாடியாயின், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டாதனப் படம் பதிவாகியிருத்தல் வேண்டும். அஃதில்லாமல் அவ்வீட்டுக்குத் தனியுறுதி கிடைப்பதில்லை, உறுதியின்றி ஈடுமில்லை. முற்பணம் கொடுக்குமுன்னரே நொத்தாரிசு ஒருவரைக்கொண்டு காணிப் பதிவகத்திற் தேடுவித்தல் நன்று. அதற்காகும் செலவு ஒரு மாதத் தவணையினுங் குறைவே.

யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டை ஈடுவைத்துக் கொழும்பில் வீடு வாங்க எண்ணுவோருக்கு இன்னுமொன்று. தேசவழமைக்குட்பட்ட மனைவி, தமது சொந்தக் காணியேயாயினும், கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை ஈடுவைக்கலாகாதென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. சீதனம் கொடுத்த மாமனார் இதனை எவ்வாறு கருதியிருப்பாரோ, அறியோம். வங்கிக்குச் செல்லும் அம்மையார், கணவரையும் உடனழைத்துச் செல்வாராயின் ஒரு நாள் அலைச்சல் மிஞ்சும்.

எம் வீட்டுக் காப்புகளில் ஒரு சோடி, வட்டி இறங்கியபின்னர் 2024இல் மீண்டது. மற்றச் சோடி இன்னும் கடையிலேதான் இருக்கிறது.