ஓர் அங்குலம் தின்ற 12 டைல்கள்

கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று கேட்டால் எடுத்துப் போடும் டைல், உண்மையில் இரண்டடி கிடையாது. அது 600 மி.மீ.; இரண்டடிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைவு. 12க்கு 10 அடி அறையின் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போட இந்தக் குறை போதும்.

பரப்பளவை வைத்துப் பார்த்தால் கணக்கு சுலபம். அறை 120 சதுர அடி. ஒரு டைல் சுமார் 3.9 சதுர அடி. வகுத்தால் 31 வரும். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 35. பெட்டிக்கு நான்கு வீதம் ஒன்பது பெட்டி.

இனி தரையில் அடுக்கிப் பார்ப்போம். ஸ்பேசர் என்னும் சின்னப் பிளாஸ்டிக் சிலுவையை இடையில் வைத்து 2 மி.மீ. சந்து விட வேண்டும். 12 அடிப் பக்கம் ஆறு டைல் போனதும் சுவரோரம் 45 மி.மீ. மிஞ்சுகிறது. 10 அடிப் பக்கம் ஐந்து போனதும் 38 மி.மீ. மிச்சம். அவ்வளவு ஒடுங்கிய கீற்று வெட்டும்போதே உடையும். தப்பி ஒட்டினாலும் கண்ணை உறுத்தும்.

தேர்ந்த கொத்தனார் அறையின் நடுவில் நூல் பிடித்து, வரிசைக்கு ஒரு முழு டைலைக் குறைத்துவிடுவார். இரு ஓரத்திலும் 32 செ.மீ. துண்டு உட்காரும். பார்க்க லட்சணம்தான். ஆனால் 60 செ.மீ. டைலில் 32 செ.மீ. துண்டு இரண்டு தேறாதே! ஒவ்வோர் ஓரத்துண்டுக்கும் ஒரு முழு டைல் போகும். ஏழுக்கு ஆறு, 42 டைல்!

வெட்டி எறிந்தது வீணாகாது. மூலைகள் நீங்கலாக 27 செ.மீ. அகலத்தில் 18 துண்டுகள் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஒட்டும் நான்கு அங்குலப் பட்டை, இரண்டு கிடைக்கும். மொத்தம் 36, வாசலைக் கழித்தால் தேவையோ 21தான்.

அடியில் ஒன்றரை அங்குலக் கலவைக்கு 15 கன அடி வேண்டும். அதற்குச் சிமென்ட்டும் மணலுமாக உலர்நிலையில் சுமார் 20 கன அடி கொட்ட வேண்டும். மிச்சம் ஐந்து, மணல் இடுக்குகளில் இருந்த காற்று! தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் அங்கே சிமென்ட் புகுந்துகொள்கிறது. ஒன்றுக்கு நான்கு என்றால் சிமென்ட் மூன்று மூட்டைக்குச் சற்று மேல்.

சந்துகளையெல்லாம் நீட்டி வைத்தால் 120 அடி. அத்தனையையும் அடைக்கும் 'கிரவுட்' பசை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அடங்கிவிடும்.

பெரிய விந்தை சுவர்ப்பூச்சில் இருக்கிறது. அந்த 12க்கு 10, பூசுவதற்கு முன் செங்கல் முகத்திலிருந்து எடுத்த அளவு என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு அரை அங்குலம் பூசினால் நீளத்திலும் அகலத்திலும் ஓர் அங்குலம் குறையும். இப்போது ஆறுக்கு ஐந்து, 30 டைல் வெட்டே இல்லாமல் உட்கார்ந்துவிடும்! சுவரோரம் மிஞ்சும் ஒரு சென்டிமீட்டர் சந்து, வெயிலில் தரை விரிவதற்கு இடம் கொடுத்து, ஸ்கர்ட்டிங்குக்குள் மறைந்துகொள்ளும். ஸ்கர்ட்டிங்குக்கு ஐந்து சேர்த்தாலும் 35தான்.

ஆகவே பூச்சு காய்ந்த பிறகு மி.மீ. கணக்கில் அளந்து, அடுக்கை வரைந்து, அதன்பிறகு கடைக்குப் போங்கள். பெட்டிகளை ஒரே தடவையில், ஒரே ஷேடு எண்ணில் வாங்குங்கள். சூளை மாறினால் நிறமும் மாறும்.