கண்ணில் திடீர் பிரச்னையா? சென்னையில் எங்கே போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஒரு கண்ணுல திரை போட்ட மாதிரி இருக்குப்பா" என்கிறார். "பவர் ஏறியிருக்கும். அடுத்த வாரம் கண்ணாடிக் கடைக்குப் போகலாம்" என்கிறார் மகன். பல வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால், அந்த ஒரு வாரத் தாமதம் பார்வையையே பறித்துவிடலாம்.

சென்னையில் கண் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பிரச்னைக்கு எங்கே போவது என்பதில்தான் குழப்பம்.

கண்ணாடிக் கடை போதுமா?

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பவரை மட்டும்தான். க்ளாக்கோமா எனும் கண் அழுத்த நோய், பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டே வரும். போன பார்வை திரும்பாது. அதனால், 40 வயதைத் தாண்டியவர்கள் கண் டாக்டரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதிப்பது அவசியம். சர்க்கரை நோயாளிகள், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

எங்கே போகலாம்?

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை: 1819-ல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. கண்புரை அறுவை சிகிச்சையை லென்ஸுடன் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

சங்கர நேத்ராலயா: டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-ல் தொடங்கியது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு இலவச சிகிச்சையும் உண்டு.

அரவிந்த் கண் மருத்துவமனை: 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் ஆரம்பித்தது. பணம் கட்டுபவர்களிடம் வரும் வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை அளிப்பதுதான் இதன் வழி. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிளை உள்ளது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் சிகிச்சைக்கு அது பொருந்துமா என முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அரசு மருத்துவ உதவி எண் 104-லும் விவரம் கேட்கலாம்.

அன்றே ஓட வேண்டியவை

* திடீரெனப் பார்வை மங்குதல், திரை விழுந்ததுபோல மறைத்தல்
* மின்னல் வெட்டுவதுபோலத் தெரிதல், கண் முன்னே கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுதல்
* கண் சிவந்து கடும் வலி, கூடவே தலைவலி, வாந்தி
* கண்ணில் அடிபடுதல்

சுண்ணாம்பு, ஆசிட் போன்றவை தெறித்தால், முதலில் சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றி 15 நிமிடமாவது கழுவ வேண்டும். மருத்துவமனைக்கு அப்புறம்தான் கிளம்ப வேண்டும்.

இரவிலோ விடுமுறை நாளிலோ போவதாக இருந்தால், பணியில் கண் டாக்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

பழைய கண்ணாடி, பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால், சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் போவது நல்லது.

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும் "திரை போட்ட மாதிரி இருக்கு" என்று சொன்னால், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். உடனே ஆட்டோவைக் கூப்பிடுங்கள்!