எந்த மடையைத் திறக்கச் சொன்னீங்க? ஏ.ஐ. ஏஜென்ட்டுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ராமநாதபுரம் பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால் கடக்க முடியாத அளவுக்கு நீளமாம். அந்தக் கரையில் நின்று வெளியூர்க்காரர் ஒருவரிடம், "மடையைத் திறந்துவிடுங்க" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வார்? கண்ணில் முதலில் படுவதைத் திறப்பார். பயிர் காய்வது ஓரிடம், தண்ணீர் பாய்வது வேறிடம்.

ஏ.ஐ. ஏஜென்ட்டும் அந்த வெளியூர்க்காரர் மாதிரிதான்.

ஏ.ஐ-யிடம் கேள்வி கேட்ட காலம் போய், இப்போது வேலையையே ஒப்படைக்கிறார்கள். 'தினமும் காலையில் மழை அளவு, வைகை அணை நீர்மட்டம், மிளகாய் விலை மூன்றையும் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பு' என்று ஒரு ஏஜென்ட்டிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இதற்குச் சில 'டூல்'களைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், தரவேண்டிய விவரங்களின் பட்டியல். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. முறையிலும் இதே அமைப்புதான். உள்ளே ஓடும் புரோகிராம் பொதுவாக ஏஜென்ட்டின் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சில வரிகளை நம்பித்தான் எந்த டூலை எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. அதைத்தான் பலர் கடைசி நிமிடத்தில் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள்!

எந்த ஆறு மணி?

'ரிப்போர்ட் நேரத்தை அமைக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால், ஏஜென்ட் 6 மணி என்று போட்டுவிடும். பல சர்வர்கள் யு.டி.சி. நேரப்படி ஓடுபவை. அங்கே காலை 6 என்றால் நமக்குப் பகல் 11.30. 'இந்திய நேரம், 24 மணி முறையில் தரவும்' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

மழைக் கணக்கு இன்னும் வில்லங்கம். இந்திய வானிலைத் துறையின் ஒருநாள் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. 10-ம் தேதி மழை என்றால், 9-ம் தேதி காலை 8.30 முதல் 10-ம் தேதி காலை 8.30 வரை பெய்தது. ஆக, 6 மணி ரிப்போர்ட்டில் அன்றைய கணக்கு இருக்கவே முடியாது. இதை விளக்கத்தில் எழுதாவிட்டால், ஏஜென்ட் முந்தைய நாள் கணக்கை எடுத்து 'இன்றைய மழை' என்று கூசாமல் தலைப்புப் போடும்.

அதைவிட ஆபத்தானது பூஜ்யம். மழைமானித் தகவல் வந்து சேரவில்லை என்றாலும் சில டூல்கள் '0' என்றே பதில் தரும். ஏஜென்ட் அதை 'மழை இல்லை' என்று எழுதும். இது வானம் பார்த்த பூமி. நெல்லுக்கு மேலுரம் போடுவதா, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் வயலில் தேங்கிய நீரை வடிப்பதா என்பதெல்லாம் இந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தது. 'தகவல் இல்லையென்றால் வெறுமையாக வரும்; அதை 0 என்று எழுதக் கூடாது' என்பது விளக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

அணைக்கு அலகு முக்கியம். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மத்திய நீர் ஆணையமோ கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் கணக்குச் சொல்லும். வெறும் 'நீர்மட்டம்' என்றால் ஏஜென்ட் எதை எடுத்துக்கொள்ளும்?

நிறுத்து என்றால்?

"ரெண்டு நாளைக்கு ரிப்போர்ட்டை நிறுத்தி வை" என்கிறீர்கள். ஏஜென்ட்டிடம் இருப்பதோ 'ரிப்போர்ட்டை நிறுத்தும்' என்று எழுதப்பட்ட ஒரே டூல். உள்ளே அது செய்வது நிரந்தரமாக அழிப்பது. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டும் வராது, எண்களின் பட்டியலும் இருக்காது.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'ரிப்போர்ட்டை நிரந்தரமாக அழிக்கும், திரும்பப் பெற முடியாது. தற்காலிகமாக நிறுத்த, "இடைநிறுத்து" டூலைப் பயன்படுத்தவும். அழிக்கும் முன் பயனாளரிடம் கேட்கவும்.' கூடவே அந்த இடைநிறுத்து டூலையும் செய்து கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். உண்மையிலேயே ஆபத்தான டூல் என்றால் எழுத்தை மட்டும் நம்பாமல், அனுமதி இல்லாமல் ஓடாதபடி புரோகிராமிலேயே பூட்டுப் போடுவதும் நல்லது.

எழுதி முடித்ததும், வீட்டில் கம்ப்யூட்டர் பக்கமே போகாத ஒருவரிடம் விளக்கங்களை வாசித்துக் காட்டி, "ரெண்டு நாள் நிறுத்தணும், எதை எடுப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.