சீன மரம் தந்த பெருங்குடல் மருந்து

பெருங்குடல் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் உலகெங்கும் தரப்படும் மருந்துகளுள் ஒன்றான இரினோடெகன், சீனாவில் வளரும் கேம்ப்டோதெக்கா அக்குமினேட்டா என்னும் மரத்தின் கொடையாகும். அம்மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற காரப்போலியை, அதாவது நைட்ரஜன் அடங்கிய தாவர வேதிப்பொருளை, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வு செய்த மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தனர்.

உயிரணு பிளவுபடுமுன், முறுக்கேறிய கயிறு போன்ற டி.என்.ஏ. தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அதற்காக டோப்போஐசோமரேஸ்-1 என்னும் நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கு தளர்ந்தபின் மீண்டும் ஒட்டிவிடுகிறது. கேம்ப்டோதெசின், வெட்டிய இடத்திலேயே அந்நொதியைச் சிக்கவைத்து ஒட்டவிடாமல் தடுப்பதால், டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது இரண்டு இழைகளும் முறிந்து, ஓயாது பெருகும் புற்றணு மடிகிறது.

ஆயினும் இச்சேர்மம் நீரில் கரைவதில்லை. கரையும்படி அதன் சோடிய உப்பை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவும் எலும்பு மச்சையின் தளர்ச்சியும் நேர்ந்தமையால், 1970-களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் ஜப்பானிய வேதியியலர் மூலக்கூற்றைத் திருத்தியமைத்து, நீரில் கரைவதும் உடலுக்குள் சென்றபின் எஸ்.என்.-38 என்னும் வீரியமிக்க வடிவமாக மாறுவதுமான இரினோடெகனை உருவாக்கினர். அமெரிக்காவில் 1996-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. கல்லீரலால் செயலிழக்கச் செய்யப்பட்டு வெளியேற்றப்படும் எஸ்.என்.-38-ஐக் குடல் நுண்ணுயிரிகள் மீண்டும் விடுவிப்பதால் கடும் வயிற்றுப்போக்கு ஏற்படுவதுண்டு என்பதையும் மறைக்கலாகாது.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் மும்பையில் ஆய்வு நடத்திய டி.ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனுடன் இணைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்ஸ் மரத்திலும் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972-இல் வெளியிட்டார். அதன் விளைவாக மருந்துத் தொழிலுக்கென அம்மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டு, அவ்வினமே அருகிவருவது வேதனைக்குரியது.

மஞ்சளில் உள்ள குர்குமினும் ஆய்வுக்கூடத்தில் பெருங்குடல் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் உண்ணப்படும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே குருதியை அடைந்து, அதுவும் விரைவில் சிதைந்துவிடுகிறது. கேம்ப்டோதெசின் கடந்துவந்த நெடிய சோதனைப் பாதையைக் குர்குமின் இன்னும் கடக்கவில்லையாதலால், மருத்துவர் வகுத்த சிகிச்சையை நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் நம்பியிருப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். சிகிச்சையோடு சேர்த்துக் குர்குமின் மாத்திரைகளை உட்கொள்ள விரும்புவோரும், அவை பிற மருந்துகளின் செயலை மாற்றக்கூடும் என்பதால், அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.