பாரதிராஜா விழுந்த இடங்கள்

'16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்பும் தமிழ்ப் படங்களில் கிராமம் இருந்தது. பெரும்பாலும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோவுக்குள் கூரை வேய்ந்து நின்ற கிராமம். இயக்குநர் பாரதிராஜா கேமராவை வெயிலுக்குக் கொண்டுபோனார். அது அவர் பிறந்த தேனிப் பக்கத்து வெயில்கூட அல்ல. படத்தின் பெரும்பகுதியைக் கர்நாடகத்தின் கொள்ளேகால் பக்கம் எடுத்தார்கள். நாயகி மயிலின் ஊர் எந்த மாவட்டம் என்று யாரும் கேட்கவில்லை. நாயகன் சப்பாணி இழுத்து இழுத்து நடந்து வந்ததும் அது நம் ஊர் ஆகிவிட்டது.

அவருடைய வெற்றிகளைப் பட்டியலிட ஆள் நிறைய உண்டு. அவரை நெடுங்காலமாகப் பின்தொடரும் ரசிகனுக்குத் தோல்விகள்தான் அதிகம் சொல்கின்றன. 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' ஓடிக்கொண்டிருந்த சூட்டிலேயே, பெண்களைக் கொல்பவனை நாயகனாக்கி 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தவர் அவர். அது ஓடியது. அதே துணிச்சலில் 1980-இல் வேலையற்ற நகரத்து இளைஞர்களைப் பற்றி எடுத்த 'நிழல்கள்' ஓடவில்லை. வைரமுத்து என்ற பாடலாசிரியர் அறிமுகமானது அந்தத் தோல்விப் படத்தில்தான். மறு ஆண்டு 'அலைகள் ஓய்வதில்லை' தூக்கி நிறுத்தியது. 1982-இல் 'காதல் ஓவியம்' மறுபடி கவிழ்த்தது. கண் தெரியாத பாடகன், நடனமாடும் பெண், கோயில், இளையராஜா. பாட்டுகளை இன்றும் கேட்கிறோம், படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. 1983-இல் 'மண்வாசனை'யோடு எழுந்தார். அன்று அவர் விழுந்ததெல்லாம் அதுவரை போகாத இடத்துக்குப் போய்த்தான். அதனால் அடுத்த படத்துக்கு டிக்கெட் வாங்க எங்களுக்குத் தயக்கம் வந்ததில்லை.

உச்சம் 1985. 'முதல் மரியாதை'யில் சிவாஜி கணேசனையே குரலை இறக்கிப் பேசவைத்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதரின் ஆசையைக் கேலி இல்லாமல், தீர்ப்பும் இல்லாமல் காட்ட முடியும் என்று அதற்குப் பிறகுதான் நம் சினிமா நம்பியது. 1993, 94-இல் 'கிழக்குச் சீமையிலே', 'கருத்தம்மா' இரண்டும் இன்னொரு சுற்று உயிர் கொடுத்தன. பெண் சிசுக்கொலையைப் பேசிய பின்னதற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

பிறகு வந்த தோல்விகளின் குணம் வேறு. 1999-இல் 'தாஜ்மஹால்', 2013-இல் 'அன்னக்கொடி'. பழைய பாரதிராஜா போகாத இடத்தில் விழுந்தார். பிற்காலப் பாரதிராஜா போன இடத்துக்கே திரும்பிப் போய் விழுந்தார். அதே பாறை, அதே பகை, ஓடி வரும் அதே காதலர்கள். அன்று நடிகருக்குத் தானே நடித்துக் காட்டி வேலை வாங்குவது அவருடைய பலம். பிற்காலப் படங்களில் எல்லாரும் அவரைப் போலவே கையாட்டி, அவரைப் போலவே மூச்சுவாங்கிப் பேசுவதாகத் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், 'குரங்கு பொம்மை'யிலும் 'திருச்சிற்றம்பல'த்திலும் பிறர் இயக்கத்தில் நடித்தபோது அவர் அப்படி நடிக்கவில்லை. எத்தனை அடக்கம்!

அவர் திறந்துவிட்ட வெளியில் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். 1987-இன் 'வேதம் புதிது'வில் சாதிப் பட்டத்தைப் பற்றி ஒரு சிறுவன் கேட்க, ஆதிக்க சாதிப் பெரியவரின் மனச்சாட்சி அறை வாங்கியது. அன்றைக்கு அது பெரிய காரியம். 2018-இன் 'பரியேறும் பெருமாள்' படத்தில் அடிபட்டவனே எதிரே நின்று பேசுகிறான். யாருடைய மனமாற்றத்துக்காகவும் அவன் காத்திருக்கவில்லை. இதை இழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படங்களின் பெண்கள், மயிலும் குயிலும் விருமாயியும் கருத்தம்மாவும், கதையின் நடுவில் நின்றார்கள். இன்றைய கிராமத்துப் படங்களில் அரிவாளுக்குக் கிடைக்கும் நேரம் இப்படிப்பட்ட பெண்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை.

2023-இல் 'மாடர்ன் லவ் சென்னை' தொடரில் ஒரு பகுதியை இயக்கினார். 1992-இன் 'நாடோடித் தென்ற'லுக்குப் பிறகு, முப்பது ஆண்டு கழித்து, மறுபடி அவர் இயக்கத்துக்கு இளையராஜாவின் இசை. ஒரு காலத்தில் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து நாங்கள் பார்த்த இந்த இருவரின் கூட்டணியை இப்போது செல்போனில் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. நகரத்து வீடு, கணவன், மனைவி, கணவன் விரும்பும் இன்னொருத்தி. வயல் இல்லை, அவருடைய பழைய படங்களில் வரும் வெள்ளுடைத் தேவதைகள் இல்லை. பெரிய படைப்பு என்று வாதாட வரமாட்டேன். சில இடங்களில் வசனம் நீள்கிறது. ஆனால் எண்பதைத் தாண்டிய இயக்குநர் மறுபடி ஒரு புது இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. இப்படிச் சின்னதாக நாலைந்து படங்களை அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்கலாம். அதற்கு யார் பணம் போட்டிருப்பார்கள் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.