தாஹிட்டியின் தியாரே பூவும் தேங்காய் எண்ணெயும்

தேங்காய் எண்ணெய் விற்காத மளிகைக் கடை நம்மிடையே இல்லை. அதில் என்ன நிற்கிறது என்பதும் வியாபாரிகள் அறிந்ததே. பசிபிக் கடலில், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட தாஹிட்டித் தீவினர் இதே எண்ணெயில் ஒரு பூவை ஊறவைத்து, வேறு சரக்காக்கி ஏற்றுமதி செய்கின்றனர்.

அந்தப் பூ தியாரே. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த புதர். சுமார் 4 மீட்டர் வரை வளரும். மேற்கே உள்ள பசிபிக் தீவுகளே இதன் தாயகம். குடியேற வந்த பாலினீசிய மக்கள் இதைத் தாஹிட்டிக்குக் கொண்டுவந்தனர். காற்றாடி போல 5 முதல் 9 இதழ் வரை விரியும் வெள்ளைப் பூ, நல்ல வாசனை. அங்கே ஆண்களும் இதைக் காதில் செருகிக்கொள்வார்கள்.

பூ விரிந்துவிட்டால் எண்ணெய்க்கு ஆகாது. மொட்டாகவே கையால் பறித்து, 24 மணி நேரத்துக்குள் சுத்திகரித்த கொப்பரை எண்ணெயில் போட்டுப் பல நாட்கள் ஊறவிட வேண்டும். இதற்கு மொனோய் என்று பெயர். தாஹிட்டி மொழியில் வாசனை எண்ணெய் என்றே பொருள்.

சிக்கலும் இங்கேதான். பொதுச்சொல் ஆனதால், மலிவான எண்ணெயில் செயற்கை வாசனையைக் கலந்தவரும் 'மொனோய்' என்று அச்சடித்து விற்கலாம். நஷ்டம் யாருக்கு? தொலைதூரப் பவளத் தீவுகளில் கொப்பரை காயவைத்துக் கப்பலேற்றும் குடும்பங்களுக்கு. அவர்களுடைய கொப்பரை விலையே அரசு மானியத்தில்தான் நிற்கிறது.

ஆகவே 1992-இல் 'மொனோய் டி தாஹிட்டி' என்ற முழுப்பெயருக்குப் பிறப்பிடச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். தேங்காயும் பூவும் அந்தத் தீவுகளில் விளைந்திருக்க வேண்டும். ஊறவைக்கும் முறையும் விதிப்படி இருக்க வேண்டும். நம் மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதே வழியில்தான். மல்லியை நாம் பூவாகவே விற்கிறோம், மாலைக்குள் விலை இறங்கிவிடும். அவர்கள் பூவின் வாசனையைப் புட்டியில் அடைத்ததால் சரக்கு மாதக்கணக்கில் நிற்கிறது. கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

இறக்குமதி அழகுப் பொருள் வைத்திருக்கும் அன்பர்கள் கொள்முதலின்போது லேபிளில் முழுப்பெயர் உள்ளதா என்று பார்த்து வாங்கவும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே இந்த எண்ணெய் உறைந்துவிடும். கெட்டுப்போனதாக வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துக் காட்டுங்கள், இளகிவிடும்.